இடைவேளைக்குப் பிறகு எனக்கு வந்த நெஞ்சுவலி

ஒன்பது வருடங்கள் மாதம் தவறாமல் சினிமா விமர்சனம் செய்தவன் நான். அதில் முக்கால்வாசிப் படங்களை நான் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எப்படியும் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். நூலகர் என்றால் நிறையப் படித்தவர் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நான் நிறையப் பின்னட்டை படித்தவன். முன்னுரையில் ஒரு பக்கம், நடுவில் குத்துமதிப்பாக இரண்டு பக்கம், பின்னட்டை முழுவதும். இது போதும், ஒரு புத்தகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசலாம். பேராசிரியர்களே என் மேசைக்கு வந்து கருத்துக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். (அவர்கள் பின்னட்டையைக்கூடப் படித்திருக்கவில்லை.) புத்தகத்துக்குச் செல்லுபடியானது சினிமாவுக்கும் ஆகும் என்று நினைத்தேன். ஆனது. அதுதான் வினை.

எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. நெசவாளர்களுக்கு மாதத்தில் அது ஒரு நாள் விடுமுறை. அதனால் எங்கள் சபையும் அமாவாசைக்கு அமாவாசைதான் கூடும். 'சபை' என்று நாங்களே வைத்துக்கொண்ட பெயர். மொத்தம் நாலு பேர். இடம், அன்வர் பாயின் ஜரிகைக் கடை மாடி. காலை நாஷ்டாவுக்கு அப்புறம் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டு வேளை வரை, அந்த மாதம் பார்த்த படங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து. சில சமயம் ஆளுக்கு மூன்று.

அன்வர் பாய் வில்லனை வைத்துப் படத்தை எடைபோடுவார். "வில்லன் டம்மியா இருந்தா ஹீரோவும் டம்மிதான் சார். யாரை அடிச்சு அவன் பெரியாளாவான்?" என்பார். முசரவாக்கம் வேலு, திரையைவிடத் தியேட்டரை அதிகம் பார்ப்பவர். விவசாயக் குடும்பம், இரண்டு முறை உள்ளாட்சித் தேர்தலில் நின்று இரண்டு முறையும் தோற்றவர். எத்தனை நாற்காலி நிரம்பியிருந்தது, எந்தப் பக்கம் விசிலடித்தார்கள், எந்தச் சீனில் எத்தனை பேர் எழுந்து வெளியே போனார்கள் என்பதையெல்லாம் வாக்குச்சாவடி ஏஜெண்டு மாதிரி ஒப்பிப்பார். கதை கேட்டால், "அது ஏதோ போச்சுது" என்பார்.

நாலாவது ஆள் தசரதன். பட்டு நெசவு. என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன், பத்தாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன். அவன் கருத்துதான் எங்கள் நாலு பேரில் கருத்து என்று சொல்லத் தக்கது. படத்தைப் பட்டுப்புடவை மாதிரி பார்ப்பான். "மேல்பக்கம் பளபளான்னு இருக்குதுபா. திருப்பிப் பாத்தா பிசிறு தெரியுது. ஹீரோ தங்கச்சிய எதுக்கு அந்தக் கதைக்குள்ள கொண்டாந்தாங்க? கடத்திக்கினு போறதுக்குத்தானே? இழை அங்க அறுந்துபூட்ச்சி" என்பான். அதற்கு மேல் யாரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது.

இவர்களுக்கு நடுவில் நான். படிக்காத குறையைப் பேச்சில் சரிக்கட்டுகிற படித்தவன்.

சபைக்கு ஒரு சட்டம் உண்டு. கதையை இடைவேளை வரைதான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் கருத்து மட்டும். கதையைத் தொடக் கூடாது. வேலு ஒருமுறை வந்து உட்காருவதற்கு முன்பே, "அந்த டிரைவர்தாம்பா கொலகாரன்" என்று போட்டு உடைத்ததால் அன்வர் பாய் கொண்டுவந்த சட்டம் அது. இந்தச் சட்டத்தால் நாலு பேரில் பலனடைந்தவன் நான் ஒருவன்தான். இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவர்களும் இதே சட்டத்தைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். முதல் பாதியை விலாவாரியாக எழுதிவிட்டு, "இரண்டாம் பாதியில் காத்திருக்கும் திருப்பத்தைச் சொல்லி உங்கள் அனுபவத்தைக் கெடுக்க விரும்பவில்லை" என்று முடித்துவிடுவார்கள். நாகரிகமான மனிதர்கள். நான் அவற்றில் நாலைந்தைப் படித்து, கலந்து, கொஞ்சம் ஏலக்காய் போட்டுச் சபையில் இறக்குவேன். ஒன்பது வருடத்தில் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்பதாவது வருடம் தை மாதத்தில் தசரதனின் மனைவி சரோஜா இறந்துபோனார். சிறுநீரகம். ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து, போனார்.

தசரதன் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்துச் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் கொண்டுபோகும் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர். இருபத்தாறு வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது சரோஜா. அவர் போன பிறகு தசரதன் கோர்வையை விட்டுவிட்டுக் கரையில்லாத புடவை நெய்ய ஆரம்பித்தான். சபைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு பேசுவதையும் நிறுத்தினான். கேட்டால் தலையாட்டுவான். அதிலும் ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

நாலு மாதம் இப்படிப் போன பிறகு ஒருநாள் அவன் மகள் பவானி நூலகத்துக்கு வந்தாள். கல்யாணமாகிச் செவிலிமேட்டில் இருக்கிறாள். வேலை முடிந்து வருகிற வழி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சித்தப்பா, அப்பா சிரிச்சே நாலு மாசம் ஆவுது. வர்ற அமாவாசைக்கு ஒரு படத்துக்குக் கூட்டிக்கினு போங்க. ஒரே ஒரு தடவ சிரிச்சிட்டாருன்னா போதும் எனக்கு."

"இவ்ளோதானேம்மா. நான் பாத்துக்கறேன்."

"ஆனா பாத்துக் கூட்டிக்கினு போங்க. ஆஸ்பத்திரி சீன் இருக்கக் கூடாது. யாரும் சாகக் கூடாது. பொண்டாட்டி சென்டிமென்ட்டு சுத்தமா வேணாம்."

இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் தமிழ்ப் படத்தில் புகைபிடித்தல் எச்சரிக்கை மட்டும்தான் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அந்த வாரம் வந்த ஒரு படத்தைச் சொன்னேன். கணவனும் மனைவியும் சேர்ந்து மெஸ் நடத்துகிறார்கள், ஒரே சிரிப்பு, குடும்பத்தோடு பார்க்கலாம்.

பவானி ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க பாத்துட்டீங்களா சித்தப்பா?"

"பாத்துட்டேம்மா. வியாழக்கிழமையே. சென்னையில, மொத ஷோ."

அந்த வியாழக்கிழமை நான் சென்னையில் இருந்தது உண்மை. கல்லூரிக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கப் போயிருந்தேன். படம் பார்க்க நினைத்ததும் உண்மை. ஆனால் மத்தியானம் ஒரு ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டதில் கண் சொருகி, நேராகப் பேருந்தில் ஏறித் தூங்கிவிட்டேன். பூந்தமல்லி தாண்டி விழித்ததும் கைப்பேசியில் நாலு விமர்சனங்களைப் படித்தேன். உடனே சபையின் வாட்ஸப் குழுவில், "இப்பத்தான் பார்த்துட்டு வரேன். முதல் பாதி அமர்க்களம்" என்று போட்டேன். அன்வர் பாய் கட்டைவிரல் உயர்த்தினார். ஒன்பது வருடக் கௌரவம். அதை ஒரு பெண் ஹெல்மெட்டோடு வந்து கேட்டதற்காக இழக்க முடியுமா? முடிந்திருக்க வேண்டும். இன்று நினைத்தாலும், அந்த ஒரு நொடியில் "இல்லம்மா, நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். எனக்கு வாய் வரவில்லை. "தைரியமா இரும்மா" என்று வேறு சொன்னேன்.

அமாவாசை மத்தியானக் காட்சி. தறி ஓடாத நாளாகையால் தியேட்டர் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். ஓரத்தில் வேலு, அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் தசரதன், அவனுக்கு அப்பால் அன்வர் பாய். தசரதன் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரவைத்த மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

படம் ஆரம்பித்தது. மெஸ் நடத்தும் கணவன் சமைக்கிறான். மனைவி பக்கத்தில் நின்று ருசி பார்க்கிறாள். உப்பு போதாது என்கிறாள். அவன் போதும் என்கிறான். அவன் அசந்த நேரம் அவள் ஒரு கை உப்பு போடுகிறாள். அது தெரியாமல் அவனும் ஒரு கை போடுகிறான். சாப்பிட வந்தவர்கள் வரிசையாகத் தண்ணீர்ப் பானையை நோக்கி ஓடுகிறார்கள்.

எனக்கு இடது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். தசரதன் சிரித்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கச் சிரித்தான். அன்வர் பாய் அவன் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி என் தோளைத் தட்டினார். நான் இருட்டில் தலையைச் சாய்த்து, அந்தப் படத்தை நானே எடுத்த மாதிரி, "சொன்னேன்ல?" என்றேன்.

இடைவேளை விட்டார்கள். கழிவறை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, ரெண்டாவது வாட்டி வந்துகிறேன். இனிமேதான் மெயினு. ஃபுல்லா ஆஸ்பத்திரிதான். அந்தம்மா செத்துடுதுல்ல, அந்த எடம் தாங்காதுபா. அதுக்குத்தான் மறுபடி வந்தேன்."

எனக்குப் போகவேண்டிய காரியம் நின்றுபோயிற்று.

திரும்பி ஓடினேன். நாற்காலியில் தசரதன் இல்லை. கொஞ்சம் கழித்துத்தான் வந்தான். அன்வர் பாயிடம் உண்மையைச் சொல்லி ஏதாவது செய்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் "நான் படத்தைப் பார்க்கவில்லை" என்ற வாக்கியத்தில் ஆரம்பிக்க வேண்டும். அந்த வாக்கியத்தை என் நாக்கு ஒன்பது வருடமாகப் பழகியிருக்கவில்லை.

"தசரதா, கிளம்பலாமா? சூடா எங்கியாவது போயி இட்லி சாப்புடலாம்" என்றேன்.

"நல்லா போய்க்கினு இருக்குது. உக்காரு சம்பத்து."

நாலு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

"எனக்குத் தலை வலிக்குதுபா."

"டீ குடி. போயிடும்."

"ரெண்டாம் பாதி சுமார்தான். நான்தான் பாத்துட்டேனே."

இதைக் கேட்டு அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். விளக்கு அணைந்தது.

இரண்டாவது நிமிடத்தில் கதாநாயகி அடுப்படியில் நின்று இருமினாள். தமிழ்ப் படத்தில் யாரும் சும்மா இருமுவதில்லை. "புகைதான்" என்றான் கணவன். தியேட்டரில் ஒருவரும் அதை நம்பவில்லை. அடுத்து ஒரு நீளமான நடை. இடுப்பளவு பச்சை வர்ணம் அடித்த சுவர். ஒரு இரும்பு பெஞ்சு. கணவன் கையில் ஒரு ஃபைலோடு வந்து அதில் உட்கார்ந்தான்.

தசரதன் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். அவன் விரல்களைப் பார்த்தேன். பவானி சொன்ன மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வந்துகொண்டிருந்தன. அவனை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியாக வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

நான் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு நெஞ்சைப் பிடித்தேன்.

என் திட்டம் எளிமையானது. தசரதன் பதறி என்னை வெளியே அழைத்துப் போவான், வாசலில் ஒரு சோடா குடித்து நான் சரியாகிவிடுவேன், வீட்டுக்குப் போய்விடலாம். அந்தத் திட்டத்தில் ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்த முசரவாக்கம் வேலுவைச் சேர்க்க மறந்துவிட்டேன். பொது வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே இரண்டு தேர்தல்களாகக் காத்திருந்தவர்.

"லைட்டப் போடுங்க! படத்த நிறுத்துங்க! சாருக்கு அட்டாக்கு!" வேலு நாற்காலி மேல் ஏறி நின்றார். "தள்ளுங்க, தள்ளுங்க, காத்து வரட்டும்!" தள்ளச் சொன்ன சத்தம் கேட்டு முப்பது பேர் கிட்டே வந்தார்கள்.

விளக்கு எரிந்தது. படம் நின்றது. யாரோ சோடாவை என் முகத்தில் ஊற்றினார்கள். ஒருவர் தன் பைக் சாவியை என் உள்ளங்கையில் திணித்து இறுக மூடினார். (அது வலிப்புக்கு.) கைப்பேசியில் ஏதோ முதலுதவி வீடியோ பார்த்திருந்த இன்னொருவர், என்னைத் தரையில் கிடத்தி, இரண்டு கையையும் கோத்து என் மார்பில் ஓங்கி ஓங்கி அமுக்கினார். அதுவரை இல்லாத நெஞ்சுவலி அப்போதுதான் நிஜமாக வந்தது.

"ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு" என்றேன்.

"பேசாதீங்க சார். கடைசில அப்படித்தான் இருக்கும்" என்றார் வேலு.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவர எடுத்துக்கினு போறவங்க போங்கபா. நீங்க படத்தப் போடுங்க."

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வந்தது. இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கியபோது தெருவே எழுந்து நின்று பார்த்தது. வண்டிக்குள் முதலில் ஏறியது தசரதன். என் கையைப் பிடித்துக்கொண்டான். சைரனைப் போட்டுக்கொண்டு வண்டி திரும்பியது. அப்போதுதான், படுத்த வாக்கில், எனக்கு அது உறைத்தது. இந்த வண்டி எங்கே போகும்?

ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். சரோஜா நாற்பது நாள் கிடந்த ஆஸ்பத்திரிக்கு. திரையில் தெரிந்த ஆஸ்பத்திரியை அவன் பார்க்கக் கூடாது என்று நான் போட்ட நாடகம், அவனை நிஜ ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் எனக்கு உண்மையிலேயே மாரடைப்பு வந்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

அவசரப் பிரிவில் தசரதனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "என்னாபா, நீ மறுபடியும் வந்துட்டியா?" என்றாள். எங்கே சீட்டு போட வேண்டும், ஈசிஜி எந்த அறை, குடிதண்ணீர்க் குழாய் எந்த மூலை என்று அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடப்பவன் மாதிரி நடந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

டாக்டர் இளம்பெண். என் மகள் வயது இருக்கும். "வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"இடைவேளைக்கு அப்புறம்."

"என்ன படம்?"

வேலு சொன்னார். (அவர் பைக்கில் ஆம்புலன்ஸுக்கு முன்னாலேயே வந்து வழி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.)

"அதுவா! நான் போன வாரம்தான் பார்த்தேன். செகண்ட் ஹாஃப் கொஞ்சம் ஹெவி" என்றார் டாக்டர்.

"அதுல டிரிப்ஸு போட்டது தப்பு மேடம்" என்றார் என் காலில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ். "பாட்டில் காலியாகிக் கெடக்குது, அவங்க பாட்டுக்கு அரைமணி நேரமா டயலாக் பேசிக்கினு கீறாங்க. டியூப்ல ரத்தம் ஏறாதா?"

"ஹீரோ நடிப்பு நல்லா இருந்துது."

"எங்க நல்லா இருந்துது மேடம்? ஒரு வாட்டி கூட மருந்துச் சீட்ட எடுத்துக்கினு ஓடல."

"கூட்டம் எப்படி? ஹவுஸ்ஃபுல்லா?" என்றார் வேலு.

என் நெஞ்சின் மேல் ஆறு இடத்தில் ஒயர் ஒட்டியிருக்க, மூன்று பேரும் அந்தப் படத்தை அலசினார்கள். சட்டம் எதுவும் கிடையாது. கதையை இடைவேளைக்கு அப்பால் முழுதாகச் சொல்லி முடித்தார்கள். அப்படித்தான் அந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியவந்தது. ஈசிஜி காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "எல்லாம் நார்மல். கேஸ் டிரபுளா இருக்கும். ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்றார். வேலுவின் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. மூன்றாவது தோல்வி.

வெளியே நடையில் ஒரு இரும்பு பெஞ்சு. தசரதன் அதில் உட்கார்ந்திருந்தான். வேறு இடமும் காலியாக இருந்தது; அவன் அதில்தான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தசரதா, எனக்கு நெஞ்சுவலி இல்லபா."

"தெரியும்."

"அந்தப் படத்த நான் பாக்கவே இல்ல."

"அதுவும் தெரியும்."

"எப்படிபா?"

"கக்கூஸ் லைன்ல உனக்குப் பின்னாடி நாலாவது ஆளா நான்தான் நின்னுக்கினு இருந்தேன்" என்றான். "அந்தாளு போன்ல பேசினது எனக்கும் கேட்டுது. ஆஸ்பத்திரி வரும், அந்தம்மா செத்துடும்னு தெரிஞ்சிதான் வந்து உக்காந்தேன். பாக்கணும்னு இருந்துது. நீதான் பாக்க வுடல."

சுவரில் இடுப்பளவுக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் பேசினான். நாலு மாதம் பேசாதவன், நிறுத்தாமல் பேசினான்.

ஒவ்வொரு அமாவாசையும் சபை முடிந்து வீட்டுக்குப் போனதும், மறுநாள் தறியில் உட்கார்ந்து தான் பார்க்காத படங்களில் நான் சொன்ன கதையைச் சரோஜாவுக்குச் சொல்லுவானாம். அவருக்குத் தியேட்டருக்கு வர நேரம் வாய்த்ததில்லை. நான் சொன்னது இடைவேளை வரைதானே. அதற்கு மேல் சரோஜாவே சொல்லுவாராம். கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே மீதிக் கதையைக் கட்டுவாராம்.

"ஒம்போது வருசம். அவ சொன்ன ரெண்டாம் பாதில ஒரு ஆளு கூட செத்ததில்லபா. வில்லன் கூடத் திருந்திப் பொட்டிக்கட வச்சிடுவான்." கொஞ்சம் சிரித்தான். "இங்க படுத்துக்கினு இருக்கசொல்லவும் கேட்டா. நீ போன ஐப்பசில சொன்னியே, போலீஸ்காரன் கத, அத்தச் சொன்னேன். அப்பத்தான் சொன்னா. 'சம்பத்தண்ணன் எந்தப் படத்தையும் பாக்கறதில்லய்யா. பாத்தவங்க இவ்ளோ அழகா சொல்ல மாட்டாங்க'ன்னு."

எனக்குத் தலை நிமிரவில்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம், எழுதியவர் இல்லாத பிறகு வந்து சேர்ந்தது.

அப்போது நடையின் கோடியில் பவானி ஓடி வந்தாள். பின்னால் என் மனைவி. எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், என்ன நடந்தது, படத்தில் என்ன வந்தது என்று வேலு சொல்லி முடித்ததும், பவானி என் எதிரில் வந்து நின்றாள். கத்தவில்லை.

"பாத்துட்டேன்னு சொன்னீங்களே சித்தப்பா" என்றாள்.

அதற்கு நான் சொல்லக்கூடியது எந்தப் பின்னட்டையிலும் இல்லை. தசரதன்தான் எழுந்து, "வுடும்மா. பசிக்குது, வா" என்றான். அவன் வாயிலிருந்து பசி என்ற வார்த்தை வந்ததைக் கேட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் அவன் தறியில் உட்காரவில்லை. நானும் விடுப்புப் போட்டேன். இரண்டு பேரும் அதே படத்துக்குப் போனோம். நுழைவில் டிக்கெட் கிழிப்பவர் என்னை அடையாளம் கண்டு, "சார், உங்களுக்கு வாசலாண்ட சீட்டு தரேன்" என்றார். இந்த முறை முழுப் படத்தையும் பார்த்தோம். பெஞ்சு வந்தது. ஃபைல் வந்தது. அந்தம்மா போகிற இடமும் வந்தது. தசரதன் அழுதான். தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, உப்புக் காட்சிக்குத் தோள் குலுங்கிய அதே மாதிரி குலுங்கி அழுதான். நான் அவனைத் தொடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல வருடங்களில் நான் கடைசிவரை உட்கார்ந்து பார்த்த முதல் படம் அது.

அடுத்த அமாவாசைக்குத் தசரதன் சபைக்கு வந்தான். நாஷ்டா முடிந்ததும் அன்வர் பாய், "இந்த மாசம் மொதல்ல சம்பத் சார் நடிச்ச படத்த எடுத்துக்குவோம்" என்றார். "மொதல் பாதி பரவால்ல. ஆனா வில்லனும் அவரே, ஹீரோவும் அவரேன்னா எப்படி?"

"கூட்டம் நல்ல கூட்டம்" என்றார் வேலு. "ஆனா கிளைமாக்ஸு புஸ்ஸுன்னு போச்சுது. கேஸுன்னு சொன்னா ஜனம் எப்படி ஒத்துக்கும்?"

தசரதன் முறை வந்தது. அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மொதல்ல, அவன் நெஞ்சுல கை வச்சது வலது பக்கம். சரி, அத்த வுடு. நெஜமா வலிக்கிறவங்க ஐயோன்னு கத்த மாட்டாங்கபா. பக்கத்துல இருக்கறவனப் பாத்து, 'ஒண்ணுமில்ல, நீ போய் சாப்டுட்டு வா'ன்னு சொல்லுவாங்க."

 கீழே கடையில் யாரோ ஜரிகை எடை போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்வர் பாய் எழுந்து போய், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

எங்கள் வீட்டில் இது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தலைவலி என்றால் மகள், "எந்தச் சீன்லருந்துப்பா?" என்கிறாள். உப்பு போதவில்லை என்று சொன்னால் மனைவி, "பாத்துட்டுச் சொல்றீங்களா, பாக்காமச் சொல்றீங்களா?" என்கிறாள். மூட்டைப்பூச்சி அடிக்கிற மருந்து வாங்கப் போனால்கூடக் கடைக்காரர், வீட்டில் நிஜமாகவே பூச்சி இருக்கிறதா என்பதுபோல் என் முகத்தைப் பார்க்கிறார். பவானி மட்டும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் இப்போது அவள்தான் சாயங்காலங்களில் வந்து அப்பாவுக்குக் கரை நாடா தள்ளுகிறாள். அவன் மறுபடியும் கோர்வை நெய்கிறான்.

நானும் திருந்த முடிவு செய்தேன். அதற்கு அடுத்த மாதம் ஒரு படத்துக்கு உண்மையாகவே போனேன். எழுத்துப் போடுவதிலிருந்து விளக்குப் போடுவது வரை கண் கொட்டாமல் பார்த்தேன். குறிப்புக்கூட எடுத்தேன். அமாவாசையன்று சபையில் எழுந்து நின்று, பார்த்ததைப் பார்த்தபடி, ஒரு ஏலக்காய்கூடச் சேர்க்காமல் சொன்னேன். ஐந்தாவது நிமிடம் அன்வர் பாய் கொட்டாவி விட்டார். பத்தாவது நிமிடம் வேலு எழுந்து வெளியே போனார். இடைவேளை வரை வந்து சேர்ந்து நிறுத்தி, தசரதனைப் பார்த்தேன்.

அவன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

"சரோஜா சொன்னது சரியாத்தான் இருக்குது சம்பத்து" என்றான். "இனிமே நீ படம் பாக்காத."